மணக்குடிப் பொழியில் படகு ஊர்வலம்: மொத்தமாகப் பேசி நடத்தித் தரும் சேவை எப்படி?

பத்தாம் திருவிழாவுக்கு, அதாவது திருவிழாவின் பத்தாம் நாளுக்கு, தேரோடு சேர்த்துப் படகு ஊர்வலமும் வைக்கலாமா என்று யோசிக்கிற கமிட்டிகளுக்காக இந்த மதிப்புரை. படகு, பூ, விளக்கு, பாட்டுப்பெட்டி, ஆள் என்று எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி முடித்துத் தருகிற ஒரு குழு மணக்குடிப் பொழியில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) செய்து தரும் வேலையை, ஆள் ஏறும் கரை முதல் கடைசிப் படகு கட்டப்படும் வரை பார்த்து எழுதுகிறோம். குழுவின் பெயரைப் போடவில்லை. குமரி மாவட்டத்தில் யாரை அமர்த்தினாலும் இதே அளவுகோல் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படகோட்டிகளையும் அலங்காரத்தையும் கண்ணை மூடி நம்பலாம். லைஃப் ஜாக்கெட், புறப்படும் நேரம், பொழிமுகப் பக்கக் காவல் ஆகிய மூன்றையும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது. ஊர்வலத்தின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும்: இந்த நொடியில் எஞ்சின் நின்றால் படகு எங்கே போய் ஒதுங்கும்? அலங்காரத்துக்கு ஆயிரம் யோசனை வைத்திருக்கிற குழுவிடம் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இல்லை.

இடம் நல்ல இடம்தான். பழையாறு கடலில் சேரும் பொழி. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே அகலமான, அலையடிக்காத நீர்ப்பரப்பு. இரண்டு கரையிலும் ஜனம் நின்று பார்க்கலாம், பாலத்தின் மேலிருந்தும் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் உடைந்து போனது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு அமைதியாகத் தெரிகிற நீருக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டு மட்டுமே என்பதை அதை வைத்தே நினைவில் கொள்ளலாம்.

அந்தத் திட்டு வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழை குறைந்த மாதங்களில் மணல் ஏறி வாயை அடைத்துக்கொள்ளும். ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, பொழி வெட்டினாலோ (மணல் திட்டை வெட்டி விட்டாலோ) திறந்துகொள்ளும். ஊர்வலத்துக்கு அடைபட்ட பொழிதான் சிறந்தது: கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றமும் வற்றமும் இல்லை, இழுக்கிற நீவாடு (நீரோட்டம்) இல்லை, எஞ்சின் நின்றால் காற்று தள்ளுகிற திசையில் கரையில் போய் ஒட்டும். ஆனால் ஊர்வலத்துக்கு நாலைந்து நாள் முன்பு பொழி வெட்டப்போகிறார்களா என்று ஊரில் விசாரித்தே ஆக வேண்டும். வெட்டிவிட்டால் தேங்கிய நீர் மொத்தமும் கடலுக்கு ஓடும். நீர்மட்டம் இறங்கி, முந்தின வாரம் படகு போன தடத்தில் சேறு தட்டும். குழு தடத்தின் ஆழத்தை ஒரு வாரத்துக்கு முன்பு கம்பு விட்டு அளந்து வைத்திருந்தது, நல்ல காரியம். அதை ஊர்வலத்தன்று காலையில் மறுபடி அளந்திருக்க வேண்டும்.

பொழி திறந்திருந்தால் கணக்கே வேறு. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதனால் அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறார்கள். அந்தக் கொஞ்சம் நீரும் குறுகலான வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும், ஆகவே வாய்க்கு அருகே ஓட்டம் வேகமாகிறது. வற்றத்தில் வெளியே ஓடும் நீர், உள்ளே வரும் கடலலையோடு மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும்பி உடையும். தொழிலுக்குப் போகிற வள்ளங்களே பொழிமுகத்தில் நேரம் பார்த்துக் கடப்பது அதனால்தான். வற்றத்தின்போது ஊர்வலத்தில் ஒரு படகு எஞ்சின் நின்று மிதந்தால், விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டமே என்றாலும் பத்து நிமிடத்தில் 300 மீட்டர் கடலை நோக்கிப் போய்விடும். படகுக்குள் குழந்தைகளும் பட்டுச்சேலைக்காரர்களும் இருப்பார்கள்.

ஆகவே நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் ஊர்வலம். எஞ்சின் நின்றால் படகு ஊருக்குள் வந்து ஒதுங்கும். இதில் குழு செய்கிற தவறு பெரிய தவறு: கமிட்டி மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்குச் சரி என்று எழுதிக்கொள்கிறார்கள். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். முதல் திருவிழா அன்று ஆறு மணிக்கு ஏறிக்கொண்டிருந்த நீர் பத்தாம் திருவிழா அன்று ஆறு மணிக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். திருவிழா தேதியை மாற்ற முடியாது என்றால் மணியை மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஊர்வலத்தை வேறு நாளில் வையுங்கள். பௌர்ணமியில் வைத்தால் நிலா வெளிச்சம் அழகு, ஆனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் நீவாடு அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மட்டுப்படும்.

ஏற்ற நேர அட்டவணையை அப்படியே நம்பவும் கூடாது. அட்டவணை கடலுக்கானது. கடலில் ஏற்றம் நின்ற பிறகும் பொழிக்குள் நீர் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்பது அந்த மாதம் வாய் எவ்வளவு அகலம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று நாள் முன்பிருந்தே ஆள் ஏறும் துறையில் ஒரு கம்பை ஊன்றி, கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வந்தால் போதும். ஓட்டத்தின் வேகத்துக்கு ஒரு தேங்காய் போதும். கரையோரம் 20 மீட்டர் அளந்து இரண்டு கொடி நட்டு, தேங்காயை நடு ஓட்டத்தில் போடுங்கள். 40 விநாடியில் கடந்தால் விநாடிக்கு அரை மீட்டர். அதற்கு மேல் வேகமாக ஓடுகிற நேரத்தில் ஆள் ஏற்றாதீர்கள்.

இனி படகுகள். பேச்சுப்படி பன்னிரண்டு ஃபைபர் படகுகள், ஏறக்குறைய 9 மீட்டர் நீளம், அவுட்போர்டு எஞ்சின். சொரூபத்துக்கு (புனிதர் சிலைக்கு) இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிய சங்காடம் ஒன்று. படகோட்டிகள் எல்லாருமே கடலில் தொழில் செய்கிறவர்கள், அது பிடிப்பிலேயே தெரிகிறது. ஆள் ஏற்றும்போது அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) ஒவ்வொரு கயிறு போட்டுப் படகைத் துறையோடு அணைத்துப் பிடிக்கிறார்கள். விளிம்பில் மிதிக்கப்போன ஒரு பாட்டியிடம், "அம்மா, அங்க வேண்டாம், நடுவுல கால வைங்க. கைய என் தோள்ல போடுங்க, பயப்படாதீங்க" என்று படகோட்டி நிதானமாகச் சொல்லி உட்காரவைத்தது பார்க்க நிறைவாக இருந்தது. இம்மாதிரி நிகழ்ச்சிகளில் விபத்துக்கு அதிக வாய்ப்புள்ள நேரம் ஏறுவதும் இறங்குவதும்தான், அந்த இரண்டையும் குழு அவசரமில்லாமல் செய்கிறது.

ஒரு படகுக்கு எத்தனை பேர் என்பதில் மட்டும் கறாராக இல்லை. பத்து பேர் என்று பேசிய படகில் கடைசி நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர், அவர் பிள்ளை ஒன்று என்று ஏறிக்கொள்கிறார்கள். ஓர் ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் பத்து பேர் 750 கிலோ. அதோடு எஞ்சின், எண்ணெய், பாட்டரி, அலங்கார வளைவு, பாட்டுப்பெட்டி. ஆள் ஏறி முடித்தபின் படகின் மிகத் தாழ்ந்த விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை ஒரு கோலால் அளக்க வேண்டும். பொழி நீருக்கு 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆளை இறக்குங்கள் என்பது எங்கள் கணக்கு. எடையைவிட எடை இருக்கும் உயரமும் நகரும் எடையும் ஆபத்து. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த படகு விபத்தில், காட்டு விலங்கைப் பார்க்க ஜனம் ஒரே பக்கம் நகர்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஊர்வலத்தில் விலங்குக்குப் பதில் பாலத்தின் மேலிருந்து பூ தூவுகிறார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒரே பக்கம் கை நீட்டுகிறார்கள். ஆகவே பாலத்திலிருந்து பூ தூவ வேண்டாம் என்று கமிட்டியே அறிவித்துவிடுவது நல்லது. படகுக்குள் தேங்கிய நீரையும் புறப்படும் முன் இறைத்துவிட வேண்டும். அடித்தளத்தில் நாலு விரல் நீர் நின்றாலும், படகு சாய்கிற பக்கம் அந்த நீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும்.

சங்காடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கூட்டத்தின் கண் முழுக்க அதன் மேல்தான் இருக்கும். இரண்டு வள்ளங்களுக்குக் குறுக்கே குழு இரண்டு கம்புகள் போட்டு, அவற்றின் மேல் பலகை அடித்திருந்தது. இரண்டு போதாது, மூன்று வேண்டும். இரண்டு கம்பு இருந்தால் ஒரு வள்ளத்தின் அணியம் எழும்போது மற்றது தாழ்ந்து, கட்டு முறுக்கேறி நெகிழும். நடுவில் மூன்றாவது கம்பு அந்த முறுக்கைத் தாங்கும். கட்டுக்கு நைலான் கயிறு போட்டிருந்தார்கள். நைலான் நனைந்தால் நீளும், ஒரு மணி நேரத்தில் கட்டு தளரும். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவு நீளாது. எந்தக் கயிறானாலும் கட்டிய பின் நீரை ஊற்றி, அரைமணி நேரம் விட்டு மறுபடி இறுக்க வேண்டும். எஞ்சினை வலது வள்ளத்தில் மட்டும் மாட்டியிருந்ததால் சங்காடம் ஓயாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனது, படகோட்டி வழியெல்லாம் எதிர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டு வள்ளத்திலும் ஒரே சக்தி எஞ்சின் மாட்டலாம், இல்லையென்றால் முன்னால் ஒரு படகு வைத்து இழுக்கலாம். சொரூபத்தைப் பலகையில் ஆணியடித்து நிறுத்துவதைவிட, அடிப்பீடத்தில் நாலு மூலைக்கும் மணல் மூட்டை வைத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவது உறுதி. பாலத்தின் அடிப்பக்கத்துக்கும் நீருக்கும் உள்ள உயரத்தை நீர் மிக ஏறி நிற்கும் நேரத்தில் அளந்து, அலங்காரத்தின் உச்சி அதைவிட அரை மீட்டராவது தாழ்ந்திருக்கும்படி செய்துகொள்ளுங்கள். குறுக்கே போகிற மின்கம்பி இருந்தால் அந்தத் தடமே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டில்தான் இந்தச் சேவை மோசமாகச் சறுக்குகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தது, தரம் சரியில்லை. அட்டையில் 50 நியூட்டன் என்று போட்டிருந்த ஜாக்கெட்டுகளை எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஐ.எஸ்.ஓ. 12402 தர வரிசையில் 50 நியூட்டன் என்பது நன்றாக நீந்தத் தெரிந்து, உதவியும் அருகிலேயே இருப்பவர்களுக்கானது. மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பிப் போடாது. ஊர்வலத்தில் ஏறுகிற பொதுமக்களுக்குக் குறைந்தது 100 நியூட்டன் வேண்டும், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடையை மிதக்கவிடும் சக்தி. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறும்போது எல்லாருக்கும் ஜாக்கெட் மாட்டிவிடுவதைப் பார்த்துப் பழகிய ஜனம்தான் நம் ஜனம். கொடுத்தால் போட்டுக்கொள்வார்கள், ஆகவே சரியானதைக் கொடுக்க வேண்டும்.

ஜாக்கெட்டைக் கையில் எடுத்து இப்படிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சுப்பலகையைக் கட்டை விரலால் அழுத்தி விடுங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் சரி, குழி அப்படியே நின்றால் அது நசுங்கிப்போன சரக்கு. மூட்டையாகக் கட்டி மேலே சாமான் ஏற்றி வைத்தவை எல்லாம் இப்படித்தான் ஆகும். கொக்கியைப் பூட்டி இரண்டு பக்கமும் இழுங்கள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பல் உடைந்து கையோடு வரும். விசில் இருக்கிறதா, ஒளி திருப்பும் பட்டை உரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குவியலிலிருந்து பத்து ஜாக்கெட்டை எடுத்து, நீந்தத் தெரிந்த பத்து பேருக்கு மாட்டி, இடுப்பளவு நீருக்கு அப்பால் கைகாலை அசைக்காமல் மிதக்கச் சொல்லுங்கள். வாய் நீருக்கு மேல் நன்றாக நிற்காத ஒன்று கிடைத்தாலும் மொத்தக் குவியலையும் திருப்பி அனுப்புங்கள். மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பது கடைசிச் சோதனை. காது வரை ஏறி வந்தால் அது தளர்வு, நீரில் விழுந்ததும் முகத்தை மூடும். சேலை, வேட்டியின் மேல் மாட்டும்போது இடுப்புப் பட்டை வழுக்கி ஏறும், ஆகவே கால்களுக்கு நடுவே வந்து பூட்டும் பட்டை உள்ள ஜாக்கெட் நல்லது.

குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து ஜாக்கெட் கொடுக்கக் கூடாது, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். 15 கிலோவுக்குக் கீழே ஒன்று, 15 முதல் 43 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் பெரியவர்களுடையது. குழு கொண்டுவந்த குழந்தை ஜாக்கெட்டுகள் படகுக்கு ஒன்று கூட வரவில்லை. மீதிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களுடையதையே இழுத்துக் கட்டிவிட்டார்கள். பிள்ளை நீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடும். துறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வைத்து, அளவு ஜாக்கெட் இல்லாத பிள்ளையைக் கரையில் நிறுத்துவது கடுமையாகத் தெரியலாம். அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அலங்காரத்தில் குழுவின் கை அருமை. தோவாளையிலிருந்து வந்த கேந்தியும் செவ்வந்தியும், குருத்தோலைத் தோரணமும், அணியத்தில் சாய்த்துக் கட்டிய செவ்வாழைக் குலையும் பார்க்கிற கண்ணுக்கு விருந்து. குருத்தோலை அழகுக்கு மட்டுமில்லை, காற்று அதன் இடுக்கு வழியாகப் போய்விடும். ஃப்ளெக்ஸ் போர்டு அப்படி இல்லை. 2 மீட்டருக்கு 3 மீட்டர் ஃப்ளெக்ஸில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் சுமார் 11 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. 36 கிலோமீட்டர் காற்றில் 44 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதுவும் தலைக்கு மேல் உயரத்தில். கமிட்டிக்காரர் படம் போட்ட ஃப்ளெக்ஸைக் கரையில் கட்டிக்கொள்ளலாம்.

மாலையில் ஒரு சின்னக் குறை, ஆனால் எஞ்சினை நிறுத்துகிற குறை. சில சரங்களை நைலான் நூலில் கட்டியிருந்தார்கள். பூ உதிர்ந்த சரம் நீரில் நீளமாக மிதந்து, பின்னால் வரும் படகின் எஞ்சின் இறக்கையில் (ப்ரொப்பெல்லரில்) சுற்றிக்கொள்ளும். இறக்கை சுழலச் சுழல நூல் தண்டின் இடுக்குக்குள் ஏறி, உருகி, கல் போல இறுகும். பிறகு கத்தியால் அறுத்து எடுப்பதே வேலை. வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள், இறக்கையே அதை அறுத்துவிடும். பழையாற்றில் மிதந்து வரும் ஆகாயத்தாமரையும் இதே தொல்லை தரும், எஞ்சின் குளிர்ச்சிக்கு நீர் உறிஞ்சும் துளையையும் அடைக்கும். எஞ்சின் ஓடும்போது பின்னால் மெல்லிய கோடாக நீர் பீச்சிக்கொண்டிருக்கும், அதைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். கோடு மெலிந்தால் எஞ்சினை நிறுத்தித் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களை ஒரு மணி நேரம் மெதுவாகவே ஓட்டினால் பிளக்கில் கரி படிந்து நின்றுவிடும். படகுக்கு ஒரு மாற்று பிளக், ஸ்பானர், கூரான கத்தி, துடுப்பு இரண்டு, கயிறு கட்டித் தயாராக வைத்த நங்கூரம். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும்; 3 மீட்டர் ஆழத்துக்கு 15 மீட்டர். அலங்காரத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் நங்கூரம் ஆபத்து நேரத்தில் கைக்கு வராது. இந்தக் குழுவின் மூன்று படகுகளில் அப்படித்தான் இருந்தது.

விளக்குக்குப் படகுகளில் 12 வோல்ட் பாட்டரியும் எல்.இ.டி. பட்டையும் வைத்தது சரியான முடிவு. கணக்கு இப்படி: மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் பட்டை 40 மீட்டர் என்றால் 192 வாட், 16 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் சரியாகப் பொருந்தும். பளிச்சென்று இருக்கட்டும் என்று மீட்டருக்கு 14.4 வாட் பட்டை போட்டால் அதே பாட்டரி ஒரு மணி நேரம்தான். பாட்டரியின் வாயிலேயே ஃப்யூஸ் போட வேண்டும், இங்கே சில படகில் போடவில்லை. பட்டையை வெட்டிய முனைகளைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும், உப்பு நீர் நுழைந்தால் அங்கிருந்துதான் கருகத் தொடங்கும். சங்காடத்தில் மட்டும் 230 வோல்ட் ஜெனரேட்டர் வைத்தார்கள். அது வேண்டவே வேண்டாம்: ஈரக்கை, பெட்ரோல், புகை, சப்தம் எல்லாம் சொரூபத்தின் காலடியில். கூடுதல் பாட்டரி இரண்டு வைத்தால் தீர்ந்தது.

விளக்கின் நிறமும் இடமும் கவனிக்க வேண்டியவை. படகில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை என்பது கடலில் எல்லாரும் படிக்கிற மொழி. அலங்காரத்துக்காக வலப்பக்கம் சிவப்பு ஓடவிட்டால் எதிரே வருகிறவர் படகு போகும் திசையைத் தப்பாக நினைப்பார். அணிய வளைவில் பட்டையைப் படகோட்டியின் முகத்தைப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். அவருக்கு முன்னால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. வளைவின் முன்பக்கம் மட்டும் ஒட்டி, பின்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும்.

ஊர்வலத்தின் அமைப்பைப் பார்ப்போம். மேல்பக்கத் துறையில் ஆள் ஏற்றி, ஏறுகிற நீரை எதிர்த்துப் பொழிமுகத்தை நோக்கிப் போய், பாதியில் திரும்பி நீரோடு வருவதுதான் பாதுகாப்பான வழி. நீரை எதிர்த்துப் போகும்போது மெதுவாகப் போனாலும் படகு சொன்னபடி கேட்கும். குழுவும் இதே வழியைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் திரும்பும் எல்லையைக் கண்மட்டத்தில் விட்டுவிடுகிறது. பொழிமுகத்துக்கு 400 மீட்டர் முன்பே ஒரு மிதவை போட வேண்டும். ஆரஞ்சு வண்ணம் அடித்த 20 லிட்டர் கேன், மேலே கொடி, அடியில் 25 கிலோ மணல் மூட்டை இரண்டு. நீருக்குள் மணலின் எடை ஏறக்குறைய 15 கிலோவாகக் குறைந்துவிடும், அதனால்தான் இரண்டு. மூட்டையின் வாயில் மட்டும் கயிறு கட்டினால் அது உருவி வந்துவிடும், உடம்பைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள்.

விசில் ஊதியதும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் திரும்புவது பார்க்க அழகு, அதைத்தான் குழு பெருமையாகச் செய்து காட்டுகிறது. அந்த அரை நிமிடம் பன்னிரண்டு படகும் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கின்றன, இடைவெளி கலைகிறது. போகும்போது வலக்கரை ஓரம், வரும்போது எதிர்க்கரை ஓரம் என்று வைத்து, மிதவையைச் சுற்றி ஒவ்வொன்றாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்ப 30 விநாடி எடுக்கும் படகை விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டம் 15 மீட்டர் பின்னால், அடுத்து வரும் படகை நோக்கித் தள்ளும். ஆகவே படகுக்குப் படகு 40 மீட்டர் இடைவெளி. பன்னிரண்டு படகும் சங்காடமும் சேர்ந்து ஊர்வலம் ஏறக்குறைய 600 மீட்டர் நீளும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கரையில் நிற்பவரைக் கடக்க எட்டு நிமிடத்துக்குள் ஆகும், பார்க்கிறவர்களுக்கு அது நிறைவான நேரமே.

காவல் படகு இரண்டு கொடுத்தார்கள். இரண்டும் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தன, ஒன்றில் வீடியோக்காரர் ஏறிக்கொண்டார். காவல் படகில் அலங்காரம் கூடாது, விருந்தாளி கூடாது, கேமரா கூடாது. ஐந்து படகுக்கு ஒன்று என்று வையுங்கள். அவற்றில் ஒன்று மிதவைக்கும் பொழிமுகத்துக்கும் நடுவிலேயே எஞ்சினை ஓடவிட்டு நிற்க வேண்டும், ஊர்வலம் முடியும் வரை அதற்கு வேறு வேலை கிடையாது. ஒவ்வொன்றிலும் நீச்சல் தெரிந்த இருவர், வளைய மிதவை, 20 மீட்டர் வீசு கயிறு. அந்தக் கயிறு மிதக்கிற பாலிப்ரொபிலீனாக இருக்கட்டும், நைலான் மூழ்கிக் காவல் படகின் இறக்கையிலேயே சிக்கும். விழுந்தவரை நெருங்கும்போது எஞ்சின் நியூட்ரலில் இருக்க வேண்டும். பாட்டுச் சத்தத்தில் விசில் காதில் விழாது. நீண்ட ஹாரன் ஒன்று அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு எல்லாப் படகும் நங்கூரம் போட வேண்டும் என்று முந்தின நாளே ஒத்திகை பாருங்கள்.

தலை எண்ணுவதற்கு டோக்கன் முறை வைத்திருப்பது இந்தச் சேவையின் நல்ல அம்சம். ஏறும்போது ஒரு பாதி பலகையில் படகு எண்ணுக்குக் கீழே தொங்கும், மறு பாதி கையில். இறங்கும்போது இரண்டும் சேர வேண்டும். கடைசி ஜோடி சேரும் வரை காவல் படகுகள் கரை ஏறக் கூடாது.

வானிலைக்கு, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையமான இன்கோய்ஸின் எச்சரிக்கையை முந்தின நாளும், ஆறு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் முன்பும் பாருங்கள். கள்ளக்கடல் (தொலைவில் எழுந்த அலை திடீரென்று கரையில் பொங்குவது) எச்சரிக்கை இருந்தால் பொழிக்குள் நீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் ரத்து. 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடி கேட்டால் கரை ஏறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். நீரில் வெண்நுரை தலைகாட்டினாலே புறப்பட வேண்டாம்.

மீன்பிடிக்கப் பதிவான படகில் பொதுமக்களை ஏற்றுவது தனி விஷயம். 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் 22 பேர் இறந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகில்தான். மாவட்ட நிர்வாகம், மீன்வளத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், தீயணைப்பு மீட்புத் துறை ஆகிய நாலு இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அலையாத்திக் காடும் பறவைகளும் உள்ள இடம் என்பதால் வனத்துறையிடமும் கேளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் காலம், வெடி வேண்டாம். குழு "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்று வாயால் சொல்கிறது, தாளைக் காட்டச் சொல்லுங்கள். 1554 கடலோரக் காவல்படைக்கும் 1093 கடலோரக் காவல்துறைக்கும் உள்ள எண்கள், படகோட்டிகள் அனைவரின் போனிலும் இருக்கட்டும்.

இதே குழு தேங்காய்ப்பட்டணத்திலும் ஊர்வலத்துக்கு முன்பதிவு எடுக்கிறது. அங்கே துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகு கவிழ்ந்து, தொழில் தெரிந்த மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். முகத்துவாரப் பக்கம் பொதுமக்களை ஏற்றிய படகு போகக் கூடாது. குழித்துறைத் தாமிரபரணியில் மேலே, முகத்துவாரத்தை விட்டு நன்றாக விலகிய பகுதியில் மட்டும் பேசுங்கள்.

அமர்த்துவதானால் ஒப்பந்தத் தாளில் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழு தருகிற ரசீதில் பூவுக்கு ஒரு வரி, விளக்குக்கு ஒரு வரி, பாட்டுக்கு ஒரு வரி இருக்கிறது, பாதுகாப்புக்குத் தனி வரி இல்லை. ஜாக்கெட் 100 நியூட்டன், குழந்தைகளுக்கு எடைவாரியாக, இத்தனை எண்ணம். காவல் படகு மூன்று, ஒன்று பொழிமுகப் பக்கம். புறப்படும் மணி நீர்மட்டக் கம்பைப் பார்த்துக் கமிட்டி சொல்வது. ஒரு படகில் இத்தனை பேருக்கு மேல் ஏறினால் படகோட்டி எஞ்சினைக் கிளப்ப மாட்டார். வானிலையால் நின்றுபோனால் முன்பணம் வேறு தேதிக்கு மாறும் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். பணம் போய்விடுமே என்ற நினைப்பில்தான் கமிட்டிகள் காற்று எழுந்த பிறகும் படகை அவிழ்க்கச் சொல்கின்றன. இந்தக் குழுவிடம் கேட்டபோது மறுக்காமல் அந்த வரியை எழுதித் தந்தார்கள்.